டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய யூஎஸ்பி டிரைவை எந்த முறையில் ஃபார்மேட் செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கார்த்திகை தீபத் திருநாள். அன்று மாலை பயணத்தில் இருந்த அம்மாவுக்காகத் திருவண்ணாமலை நேரலையைப் பதிவு செய்ய முடிவெடுத்தேன். செட்டாப் பாக்ஸில் 32 ஜிபி பென் டிரைவைச் செருகி, 4.45 மணிக்குப் பதிவைத் தொடங்கிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். இரவு அம்மா ஆவலோடு உட்கார்ந்து பார்த்தார். 5.57-க்குப் படம் நின்றுவிட்டது. அர்த்தநாரீசுவரர் கொடிமரத்தின் முன் ஆண்டுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள் மட்டும் காட்சி தருவதும், மலைமேல் தீபம் ஏறுவதும் ஆறு மணிக்கு. அந்த ஆறு மணி கோப்பில் இல்லை. பென் டிரைவிலோ 20 ஜிபிக்கு மேல் காலியிடம் இருந்தது.

பென் டிரைவ் கெடவில்லை, பெட்டியும் கெடவில்லை. டிரைவ் ஃபார்மேட் செய்யப்பட்டிருந்த முறைதான் பதிவை நிறுத்தியது. இதைப் பெட்டியோடு வந்த கையேடு சொல்லவில்லை, விற்ற கடைக்காரரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், சோதித்துத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

கோப்பு முறைமை என்றால் என்ன?

டிரைவில் எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த இடம் காலி என்று கணக்கு எழுதி வைக்கும் முறை. ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4 என்பவை அப்படிப்பட்ட நான்கு கணக்கு முறைகள். டிரைவை ஃபார்மேட் செய்வதென்றால் பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதுக் கணக்குப் புத்தகம் போடுவது. ஆகவே ஃபார்மேட் செய்வதற்கு முன் உள்ளே இருப்பதை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேட்32 எல்லாப் பெட்டியிலும் வேலை செய்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

எல்லாப் பெட்டியிலும் வேலை செய்வது உண்மைதான். விண்டோஸ் 95-இன் பிந்தைய பதிப்போடு 1996-இல் வந்தது ஃபேட்32. அதைப் படிக்கத் தெரியாத கருவியைக் காண்பது அரிது. ஆனால் அது ஒவ்வொரு கோப்பின் அளவையும் 32 பிட் இடத்துக்குள் எழுதி வைக்கிறது. அந்த இடத்தில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 4,29,49,67,295. அத்தனை பைட்டுக்கு மேல், அதாவது 4 ஜிபிக்கு மேல், ஒரே கோப்பு வளர முடியாது. டிரைவில் எவ்வளவு காலியிடம் இருந்தாலும் முடியாது.

கடிதமோ புகைப்படமோ இந்த எல்லையைத் தொடப்போவதில்லை. டிவி பதிவு தொட்டுவிடும். ஒளிபரப்பில் வருவதைச் சுருக்காமல் அப்படியே எழுதிக்கொண்டு போவதுதான் பெட்டியின் வேலை. எவ்வளவு வருகிறதோ அவ்வளவும் டிரைவுக்குப் போகும். வினாடிக்கு 3 மெகாபிட் வரும் எஸ்டி அலைவரிசை என்றால் 4 ஜிபி நிரம்ப ஏறத்தாழ 3 மணி 10 நிமிடம் ஆகும். 5 மெகாபிட் என்றால் 1 மணி 54 நிமிடம். 8 மெகாபிட் வரும் எச்டி அலைவரிசையில் 72 நிமிடத்தில் நிரம்பிவிடும், 12 மெகாபிட் என்றால் 48 நிமிடமே தாங்கும். 4.45-உடன் 72 நிமிடத்தைக் கூட்டிப் பாருங்கள், 5.57 வரும். இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

அரை மணி நேரத் தொடர்களை மட்டும் பதிவு செய்கிறவர்கள் ஃபேட்32-ஐத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். திரைப்படம், கிரிக்கெட், குடியரசு தின அணிவகுப்பு, கும்பாபிஷேகம், முழுநீளக் கச்சேரி போன்றவற்றுக்கு வேறு முறையைத் தேடுங்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டி 4 ஜிபி ஆனதும் நிற்காமல் அடுத்த கோப்பைத் தொடங்கிவிடுகிறது. அது போதாதா?

பெரும்பாலும் போதும். நன்றாக எழுதப்பட்ட பெட்டி மென்பொருள் எல்லை வருவதற்குள் கோப்பை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்துகொள்ளும். சில பெட்டிகள் 1 ஜிபிக்கும் 2 ஜிபிக்கும் ஒருமுறைகூட வெட்டுகின்றன. அதே பெட்டியில் பார்க்கும்போது துண்டுகள் தொடர்ந்து ஓடும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள்.

கவனிக்க வேண்டியது வெட்டு விழும் இடத்தைத்தான். பழைய கோப்பை மூடிப் புதியதைத் திறக்கும் இடைவெளியில் வரும் படத்தை நினைவகத்தில் பிடித்து வைக்காத பெட்டியில் ஓரிரு வினாடி காணாமல் போகும். நாடகத்தில் அது பெரிய குறையில்லை. ஆலாபனையின் நடுவே விழுந்தால் மனது வலிக்கும்.

துண்டுகளைக் கணினியில் ஒட்டுவது எளிது. பெட்டி எழுதும் கோப்பு வழக்கமாக டிஎஸ் வகையைச் சேர்ந்தது. 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும், ஒவ்வொரு பொட்டலமும் ஒரே அடையாள பைட்டோடு தொடங்கும். அதனால் ஒரு துண்டின் வாலில் அடுத்த துண்டின் தலையை அப்படியே வைத்தால் ஓடும். எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் துண்டுகளை வரிசைப்படி சேர்த்து ஒரே கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். தரம் குறையாது.

எக்ஸ்ஃபேட் இந்த எல்லையைத் தாண்டும் என்கிறார்களே. பிறகு ஏன் என் பெட்டி டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை?

எக்ஸ்ஃபேட்டில் 4 ஜிபி எல்லை கிடையாது. மைக்ரோசாஃப்ட் 2006-இல் இதைப் பென் டிரைவ், நினைவக அட்டை போன்றவற்றை மனத்தில் வைத்தே உருவாக்கியது. கணினிக்கும் மேக்குக்கும் இடையே பெரிய கோப்புகளைக் கொண்டுபோக இதைவிட வசதியானது இல்லை.

தடையாக இருந்தது காப்புரிமை. நம் வீடுகளில் உள்ள பெட்டிகள் பலவற்றின் உள்ளே லினக்ஸ் ஓடுகிறது, விலை குறைந்த பெட்டிகளில் அதைவிடச் சிறிய இயங்குதளம் இருக்கும். எக்ஸ்ஃபேட்டைச் சேர்க்க வேண்டுமென்றால் தயாரிப்பாளர் மைக்ரோசாஃப்டிடம் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. மலிவு விலைப் பெட்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை என்று பலர் விட்டுவிட்டார்கள். 2019 ஆகஸ்டில்தான் மைக்ரோசாஃப்ட் அதன் தொழில்நுட்ப விவரத்தை எல்லோருக்கும் வெளியிட்டது. அதே ஆண்டு லினக்ஸ் 5.4-இல் முதற்கட்ட ஆதரவு சேர்ந்தது, 2020-இல் 5.7-இல் சாம்சங் எழுதிய நிலையான நிரல் வந்தது. ஆகவே அதற்கு முன் வடிவமைத்த பெட்டியில் எக்ஸ்ஃபேட் இல்லாவிட்டால் வியப்பில்லை. புதிய பெட்டிகளிலும்கூட உள்ளே பழைய லினக்ஸே ஓடிக்கொண்டிருக்கலாம். பெட்டி வாங்கிய ஆண்டை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

என்டிஎஃப்எஸ் டிரைவில் உள்ள படங்கள் என் பெட்டியில் ஓடுகின்றன. ஆனால் பதிவு செய்யப் போனால் மறுக்கிறது. ஏன்?

படிப்பது வேறு, எழுதுவது வேறு. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் ஏமாந்தவர்களே நான் பார்த்தவர்களில் அதிகம். பெட்டியின் அட்டையில் ‘என்டிஎஃப்எஸ் ஆதரவு உண்டு’ என்று அச்சிட்டிருப்பார்கள். அது படம் ஓட்டுவதற்கு மட்டுமான ஆதரவாக இருக்கலாம்.

என்டிஎஃப்எஸ் 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த பெரிய, நுணுக்கமான முறைமை. லினக்ஸின் பழைய என்டிஎஃப்எஸ் நிரல் நடைமுறையில் படிக்க மட்டுமே பயன்பட்டது. எழுதுவதற்கு என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற தனி நிரல் வேண்டும். அது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் கருவியின் செயலியைக் கூடுதலாக வேலை வாங்கும். சிறிய செயலி கொண்ட பெட்டி பதிவு செய்துகொண்டே வேறு அலைவரிசையைக் காட்டும்போது திணறுவது இதனால்தான். 2021-இல் லினக்ஸ் 5.15-இல் சேர்ந்த புதிய நிரல் இந்தச் சுமையைக் குறைத்தது. அந்த லினக்ஸ் உங்கள் பெட்டிக்குள் இருக்க வேண்டுமே!

பெட்டி என்டிஎஃப்எஸ்ஸில் எழுதும் என்று தெரிந்துவிட்டால் அது நல்ல தேர்வு. நீளமான கோப்பு உடையாது, விண்டோஸ் கணினியில் நேராகத் திறக்கும். மேக் கணினி அதைப் படிக்கும், எழுதாது.

இஎக்ஸ்டி4 யாருக்கு?

லினக்ஸ் ஓடும் பெட்டியில், பதிவுக்கென்றே ஒரு ஹார்டு டிஸ்க்கை ஒதுக்கி, அதைக் கழற்றவே போவதில்லை என்பவர்களுக்கு. 2008-இல் லினக்ஸில் நிலைபெற்ற முறைமை இது. லினக்ஸின் சொந்த முறை என்பதால் பெட்டிக்குப் பாரமே தெரியாது. ட்ரீம்பாக்ஸ், வியூ பிளஸ் போன்ற, எனிக்மா2 என்ற லினக்ஸ் மென்பொருள் ஓடும் பெட்டிகளை வைத்திருப்பவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. குறை ஒன்று: விண்டோஸ் கணினியில் செருகினால் டிரைவை அடையாளம் தெரியாமல் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கும். வீட்டில் யாராவது சரி என்று அழுத்திவிட்டால் எல்லாம் போய்விடும். டிரைவின் மேல் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்.

கடைசியாக எதைத்தான் தேர்ந்தெடுப்பது?

கணினிக்கு எது வசதி என்று தொடங்காதீர்கள். எழுதப்போவது பெட்டி. அது தடுமாறாமல் எழுதும் முறைகளில் பெரிய கோப்பைத் தாங்குவது எதுவோ அதுவே உங்களுக்கு உரியது.

பெட்டியின் அமைப்புகள் பகுதியில் யூஎஸ்பி அல்லது பதிவு தொடர்பான பக்கத்துக்குப் போங்கள். பெரும்பாலான பெட்டிகளில் டிரைவை அங்கேயே ஃபார்மேட் செய்யும் வசதி இருக்கும். அங்கே காட்டும் முறைகளே பெட்டிக்கு எழுதத் தெரிந்தவை. அச்சிட்ட கையேட்டைவிட அந்தப் பட்டியலை நான் அதிகம் நம்புகிறேன். ஃபேட், என்டிஎஃப்எஸ் என்ற இரண்டும் இருந்தால் என்டிஎஃப்எஸ்ஸை எடுங்கள். இஎக்ஸ்டி4 இருந்தால், டிரைவைக் கணினிக்குக் கொண்டுபோகும் பழக்கம் இல்லாதவர்கள் அதை எடுங்கள். ஃபேட்32 மட்டுமே இருந்தால், பெட்டி கோப்பை வெட்டித் தொடர்கிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். எக்ஸ்ஃபேட்டை நான் கடைசியில்தான் வைப்பேன். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும்?

நம் ஊரில் இதைக் கேட்காமல் எந்த முறைமையையும் தேர்ந்தெடுக்கக் கூடாது.

கோப்பை எழுதும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. படம் டிரைவில் போய் விழுகிறது. ‘இந்தக் கோப்பின் நீளம் இவ்வளவு’ என்ற குறிப்பு கணக்குப் புத்தகத்தில் எழுதப்படுகிறது. பல பெட்டிகள் இரண்டாவது வேலையைக் கோப்பை மூடும்போதுதான் செய்கின்றன. இடையில் மின்சாரம் போனால் ஒரு மணி நேரப் படம் டிரைவில் இருக்கும், குறிப்பில் நீளம் சுழியம் என்று இருக்கும். பெட்டியில் பார்த்தால் பதிவே இல்லாதது போலத் தோன்றும்.

ஃபேட்32 என்றால் உடனே மனம் உடைய வேண்டாம். அந்த டிரைவில் மேற்கொண்டு எதையும் பதியாமல் கணினிக்குக் கொண்டுவாருங்கள். முடிந்தால் டிரைவ் முழுவதையும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு விண்டோஸில் உள்ள செக்டிஸ்க் என்ற டிரைவைச் சரிபார்க்கும் கருவியைத் திருத்தும் நிலையில் ஓட்டுங்கள். எந்தக் கோப்புக்கும் உரியதென்று குறிக்கப்படாமல் சங்கிலியாகக் கிடக்கும் துண்டுகளை அது சேகரித்து, ஃபவுண்ட்.000 என்ற மறைந்திருக்கும் கோப்புறைக்குள் ஃபைல்0000 என்பது போன்ற பெயர்களில், சிஎச்கே என்ற பின்னொட்டோடு வைக்கும். அதில் பெரிதாக இருப்பதன் பின்னொட்டை டிஎஸ் என்று மாற்றி, விஎல்சி பிளேயரில் திறந்து பாருங்கள். டிஎஸ் கோப்பை எந்த இடத்தில் தொடங்கினாலும் அடுத்த பொட்டலத்தின் அடையாளத்தைப் பிடித்து ஓடத் தொடங்கிவிடும் என்பதால் பெரும்பாலும் படம் வந்துவிடுகிறது. மின்வெட்டில் போய்விட்டது என்று நினைத்த ஒரு நாகஸ்வரக் கச்சேரியை என் சித்தப்பாவுக்கு இப்படித்தான் மீட்டுக் கொடுத்தேன். கடைசி அரை நிமிடம் தவிர முழுவதும் கிடைத்தது.

எக்ஸ்ஃபேட்டில் இந்த வழி பல நேரம் பலிக்காது. இடைவெளி இல்லாமல் ஒரே சீராக விழுந்த கோப்புக்கு, எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்ற அட்டவணையை அது எழுதுவதே இல்லை. தொடக்கமும் நீளமும் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுகிறது. அந்த நீளம் எழுதப்படும் முன் மின்சாரம் போனால் செக்டிஸ்க் பின்தொடர்ந்து போக நூல் எதுவும் இருக்காது. வேகமாக இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு இங்கே நமக்கு எதிராகிவிடுகிறது.

என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4 இரண்டும் கணக்கில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகு செய்கின்றன. மின்சாரம் திரும்பியதும் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துக் கணக்கை நேர் செய்துகொள்ளும். இதனால் மற்ற பதிவுகள் சிதையாமல் தப்பும். ஓடிக்கொண்டிருந்த பதிவின் கடைசிப் பகுதி போனால் போனதுதான். அதைக் குறிப்பேடு காப்பாற்றாது.

எந்த முறையாக இருந்தாலும், முக்கியமான நேரலை நாளன்று பெட்டியை இன்வெர்ட்டர் இணைப்பில் போடுங்கள்.

64 ஜிபி பென் டிரைவை விண்டோஸில் ஃபார்மேட் செய்யப் போனால் ஃபேட்32 என்ற தேர்வே இல்லையே?

அது விண்டோஸின் ஃபார்மேட் சாளரம் வைத்திருக்கும் தடை. 32 ஜிபிக்கு மேல் உள்ள டிரைவுக்கு அது ஃபேட்32-ஐக் காட்டாது. ஃபேட்32 என்ற முறைமைக்கு அந்த எல்லை கிடையாது, வழக்கமான டிரைவுகளில் 2 டிபி வரை போகும். ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருளில் செய்துகொள்ளலாம், பெட்டியிலேயே செய்வது இன்னும் எளிது.

ஆனால் 1 டிபி ஹார்டு டிஸ்க்குக்கு ஃபேட்32 வேண்டாம் என்பேன். 32 கேபி கட்டங்களாகப் பிரித்தால் மூன்று கோடிக்கும் மேற்பட்ட கட்டங்கள் வரும். அவற்றின் அட்டவணை மட்டுமே 120 எம்பியைத் தாண்டும். காலியிடம் எவ்வளவு என்று கணக்கிட அதை முழுக்கப் படிக்க நேர்ந்தால் சிறிய பெட்டி நெடுநேரம் அசையாமல் நிற்கும்.

பென் டிரைவா, ஹார்டு டிஸ்க்கா?

எப்போதாவது ஒரு நிகழ்ச்சி என்றால் பென் டிரைவ். நாள்தோறும் பதிவு, அதோடு ஓடும் நிகழ்ச்சியை நிறுத்தி வைத்துப் பிறகு தொடரும் வசதியும் வேண்டுமென்றால் ஹார்டு டிஸ்க். அந்த வசதியைத் திறந்து வைத்திருக்கும் நேரமெல்லாம் பெட்டி எழுதிக்கொண்டே இருக்கும். விலை குறைந்த பென் டிரைவ் அதில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

வேகத்தைப் பற்றிப் பலர் வீணாகக் கவலைப்படுகிறார்கள். 8 மெகாபிட் என்பது வினாடிக்கு 1 எம்பிதான். படம் தெறிப்பதற்குக் காரணம் சராசரி வேகம் குறைவது அன்று. மலிவான பென் டிரைவ் உள்ளே இடத்தைத் துடைத்து ஒழுங்கு செய்வதற்காக அவ்வப்போது ஒரு நொடி, இரு நொடி நின்றுவிடுகிறது. பெட்டியின் சிறிய நினைவகம் அதற்குள் நிரம்பி வழிந்துவிடும். முறைமையை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. டிரைவைத்தான் மாற்ற வேண்டும்.

ஹார்டு டிஸ்க் வாங்குகிறவர்கள் மின்சாரத்தையும் பாருங்கள். யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியர் தருவதற்கே பொறுப்பு. டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் அதைவிட அதிகமாகக் கேட்கும். டிக் டிக் என்று சத்தம் வந்து, டிஸ்க் தோன்றித் தோன்றி மறைந்தால் ஃபார்மேட்டைக் குறை சொல்லாதீர்கள். தனி மின் இணைப்பு உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றை இடையில் போடுங்கள்.

சரியாக ஃபார்மேட் செய்தும் பெட்டி ஹார்டு டிஸ்க்கைக் காணவில்லை என்கிறதே?

டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று குறித்து வைக்கும் பகுப்பு அட்டவணையைப் பாருங்கள். எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டு வகை உண்டு. பழைய பெட்டிகள் பலவற்றுக்கு எம்பிஆர் மட்டுமே தெரியும், அதிலும் முதல் பகுதியை மட்டும் பார்க்கும். 2 டிபி வரையுள்ள டிஸ்க் என்றால் எம்பிஆர், ஒரே பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்பிஆர் அதற்கு மேல் போகாது. ஆகவே பழைய பெட்டிக்காக 4 டிபி வாங்கிப் பணத்தை முடக்க வேண்டாம். எச்டியில் மணிக்கு 3.6 ஜிபி என்று பார்த்தாலும் 1 டிபியில் 270 மணி நேரத்துக்கு மேல் பதியலாம்.

பதிவு பெட்டியில் ஓடுகிறது, கணினியில் திறக்கவில்லை. முறைமையை மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. கட்டண டிடிஎச் பெட்டிகளும் பல டிவிகளும் பதிவைப் பூட்டி எழுதுகின்றன. அந்தச் சாவி அந்தப் பெட்டிக்குள் மட்டுமே இருக்கும். பெட்டி பழுதாகி மாற்றினால் பழைய பதிவுகளும் போய்விடும். பாதுகாத்து வைக்க விரும்பும் நிகழ்ச்சி டிடி ஃப்ரீ டிஷ் போன்ற இலவச ஒளிபரப்பில் வருகிறதென்றால், பதிவு வசதியுள்ள சாதாரணப் பெட்டி ஒன்றில் பதிந்துகொள்ளுங்கள். டிடி தமிழ் அதில் வருகிறது. அந்தக் கோப்பு பெரும்பாலும் பூட்டில்லாமல் இருக்கும்.

முக்கியமான நாளுக்கு முன் எப்படிச் சோதிப்பது?

முதலில் டிரைவ் உண்மையானதா என்று பாருங்கள். 128 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி மட்டும் வைத்த போலிகள் சந்தையில் உண்டு. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சொல்லிவிடும்.

பிறகு பெட்டியில் டிரைவை ஃபார்மேட் செய்து, உங்களுக்கு வரும் அலைவரிசைகளில் படம் மிகத் தெளிவாக இருக்கும் எச்டி அலைவரிசை ஒன்றில் மூன்று மணி நேரம் பதிவு செய்யுங்கள். பதிவு ஓடும்போதே இரண்டு மூன்று முறை வேறு அலைவரிசைக்கு மாற்றிப் பாருங்கள். முடிந்ததும் தொடக்கத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். நான் அந்தத் தவறைத்தான் செய்தேன். நேராகக் கடைசி ஐந்து நிமிடத்துக்குப் போங்கள். அடுத்து, ஒரு மணி எட்டு நிமிடத்திலிருந்து ஒரு மணி பதினாறு நிமிடம் வரை ஓட விடுங்கள், 8 மெகாபிட் அலைவரிசையில் 4 ஜிபி நிரம்பும் 72-ஆவது நிமிடம் இதற்குள்தான் வரும். பிறகு டிரைவைக் கணினியில் செருகி, எத்தனை கோப்பு இருக்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அந்த டிரைவைப் பதிவுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள், புகைப்படமோ பாட்டோ அதில் ஏற்ற வேண்டாம். அடுத்த கார்த்திகைக்கு நான் ஒதுக்கியது என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்த 500 ஜிபி ஹார்டு டிஸ்க். நான்கு மணியிலிருந்து எட்டு மணி வரை ஒரே கோப்பாக, 14 ஜிபிக்கும் சற்று மேலாக, அம்மாவுக்காகப் பதிந்திருந்தது.